தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்

போன மார்கழியில் என் பெரியம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. வேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தின் காலனியில் இருக்கிறார். கூலி வேலை. அறுப்பு இல்லாத நாட்களில் வரப்பில் புல் அறுத்து மாட்டுக்குக் கட்டிக்கொண்டு வருவார். முதல் மூன்று நாள் கசாயமும் பாராசிட்டமாலும். நான்காம் நாள் பக்கத்தில் இருக்கும் தனியார் கிளினிக்கில் ஒரு ஊசி. ஆறாம் நாள் மறுபடியும் ஊசி. எட்டாம் நாள் டவுனில் வேறொரு டாக்டர் டைபாய்டு என்று சொல்லி, குளுக்கோஸ் ஏற்றி, ஒரு பை நிறைய மாத்திரை கொடுத்தார். பத்தாம் நாள் மூச்சு வாங்கியது. பேச்சு குழறியது.

அரசு மருத்துவமனையில் சேர்த்த அன்று இரவு, அவருக்குத் துணி மாற்றிவிட்ட செவிலியர்தான் அதைப் பார்த்தார். இடது மார்புக்குக் கீழே, சிகரெட் நெருப்பு சுட்டதுபோல் ஒரு கருப்புப் பொருக்கு. "இது எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். "ஏதோ கொப்புளம்மா, வலியே இல்ல" என்றாராம் பெரியம்மா. செவிலியர் உடனே டாக்டரைக் கூப்பிட்டார். அன்றிரவே மருந்து மாற்றப்பட்டது. மூன்றாம் நாள் பெரியம்மா கஞ்சி கேட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு கேட்டேன். "முதல்ல பாத்த ரெண்டு டாக்டரும் இதப் பாக்கலியா பெரிம்மா?"

"அவரு எங்க பாக்குறாரு? ஸ்டூல்ல ஒக்காரச் சொன்னாரு. எத்தினி நாளா ஜொரம்னு கேட்டாரு. ஊசி குத்துனதோட சரி."

இந்தக் கட்டுரை அந்தக் கருப்புப் பொருக்கைப் பற்றியது. அதைப் பார்க்காமல் விட்ட பத்து நாட்களைப் பற்றியது.

கண்ணுக்குத் தெரியாத பூச்சி

நோயின் பெயர் ஸ்க்ரப் டைபஸ். செய்தித்தாள்களில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறார்கள். அந்தப் பெயரே நம்மைக் குழப்புகிறது. உண்ணி என்றால் மாட்டின் காதில் கடலைப்பருப்பு போல ஒட்டிக்கொண்டிருக்கும் பூச்சிதான் நமக்கு நினைவுக்கு வரும். இது அதுவல்ல. புல்லிலும் புதரிலும் மண்ணிலும் வாழும் மிகச் சிறிய சிலந்தி இனப் பூச்சி. வளர்ந்த பூச்சி மனிதரைக் கடிப்பதில்லை. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுதான் கடிக்கிறது. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குகூட இருக்காது. தன் வாழ்நாளில் ஒரே ஒருமுறை, பெரும்பாலும் வயல் எலிகளின் மேல் ஏறித் தீனி எடுக்கும். அது நிற்கும் புல்லில் நாம் உட்கார்ந்தால் நம் மேல் ஏறும். துணி இறுக்கிப் பிடிக்கும் இடம்வரை ஊர்ந்து வந்து கடிக்கும். இடுப்பு, தொடை இடுக்கு, அக்குள், மார்புக்குக் கீழே. கடிப்பது வலிக்காது. பிறகு வரும் பொருக்கும் வலிக்காது.

பூச்சியின் எச்சிலோடு உடலுக்குள் போகும் பாக்டீரியாவுக்கு ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்று பெயர். பின்பாதி ஜப்பானியச் சொல், நோய் தரும் பூச்சி என்று பொருள். அங்கே ஆற்றங்கரை வயல்களில் வேலை செய்த விவசாயிகளை நெடுங்காலம் கொன்ற காய்ச்சல் இது. தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கும் இந்தப் பாக்டீரியா போகிறது. அதனால் எலிகளை மட்டும் ஒழித்தால் நோய் ஒழிந்துவிடாது.

இந்தப் பாக்டீரியா நம் உடலின் செல்களுக்கு உள்ளே மட்டுமே வாழும், பெருகும். முக்கியமாக ரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தாக்கும். அதனால்தான் ஒரே கிருமி ஒருவருக்கு நுரையீரலைப் பிடிக்கிறது, இன்னொருவருக்குச் சிறுநீரகத்தை, வேறொருவருக்கு மூளையை. கடித்து ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி. டெங்கு போலவும் இருக்கும், டைபாய்டு போலவும் இருக்கும். உடலில் சிவந்த தடிப்பு வரும் என்று பாடப்புத்தகம் சொல்லும். அந்தத் தடிப்பு வெளுத்த தோலில் தெரிவதுபோல நம் கருத்த தோலில் எளிதாகத் தெரியாது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். காய்ச்சலுக்கு நம் ஊரில் வழக்கமாகப் போடும் பென்சிலின் வகை, செஃப்ட்ரியாக்சோன் வகை ஊசிகள் இந்தப் பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. அந்த மருந்துகள் பாக்டீரியாவின் சுவரைத் தாக்குபவை. இதற்கு அப்படிப்பட்ட உறுதியான சுவரே கிடையாது. வேலை செய்வது டாக்சிசைக்ளின். ஒரு மாத்திரை சில ரூபாய்தான். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுக்கிறார்கள். நோய் ஆரம்பத்திலேயே சரியான மருந்து கிடைத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.

முற்றிய பிறகு கதை வேறு. இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் நோய் முற்றிய சுமார் 800 பேருக்குச் சிகிச்சை அளித்து, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களின் முன்னெடுப்பில் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. இரண்டு மருந்துகளையும் சேர்த்து ரத்தக் குழாய் வழியாகக் கொடுப்பது கூடுதல் பலன் தருகிறது என்று அது காட்டியது. உலகமே கவனித்த நல்ல ஆய்வு. ஆனால் அதே ஆய்வில், பெரிய மருத்துவமனையில் சரியான மருந்து கிடைத்தும், 28 நாட்களுக்குள் 100க்குச் சுமார் 12 பேர் இறந்துபோனார்கள். கொல்வது கிருமிதான். கொல்வதற்கு அதற்கு நேரம் கொடுப்பது யார் என்பதுதான் என் கேள்வி.

தொடாமல் பார்க்கும் வைத்தியம்

ரத்தப் பரிசோதனை இருக்கிறது. நல்ல பரிசோதனை எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கிடைப்பதில்லை. பழைய பரிசோதனை பாதி பேரைத் தவறவிடக்கூடியது. இந்த நிலையில் ஒரு கிராமத்து மருத்துவரிடம் இருக்கும் மிகச் சிறந்த கருவி அவருடைய கண்ணும் கையும்தான். பொருக்கு எல்லோருக்கும் இருக்காது. இருந்துவிட்டால் நோய் ஏறக்குறைய உறுதி. ஆனால் அது பெரும்பாலும் முகத்திலோ கையிலோ இருப்பதில்லை. துணியை விலக்கி, திருப்பி, அக்குளையும் இடுப்பையும் பார்த்தால்தான் தெரியும். ஓர் உடலைத் தொட்டு, முழுதாகப் பார்த்து, மரியாதையோடு விசாரித்தால் மட்டுமே பிடிபடும் நோய் இது.

தொடாமை மீது கட்டப்பட்ட சமூகத்தில் இந்த நோய் பரவியிருக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள்.

அண்ணல் அம்பேத்கர் தன் வாழ்க்கை நினைவுகளை எழுதிய 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' நூலில் கத்தியவாரைச் சேர்ந்த ஒரு தலித் ஆசிரியரின் கதையைச் சொல்கிறார். 1929இல் காந்தியின் 'யங் இந்தியா' இதழில் வெளியான கடிதம் அது. ஆசிரியரின் மனைவி குழந்தை பெற்றுச் சில நாட்களில் காய்ச்சலில் விழுகிறார். சாதி இந்து மருத்துவர் சேரிக்குள் வர மறுக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் சொன்ன பிறகு, இரண்டு ரூபாய் கட்டணத்துக்கு, சேரிக்கு வெளியே வைத்துத்தான் பார்ப்பேன் என்ற நிபந்தனையோடு வருகிறார். வெப்பமானியை அவர் ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் கணவரிடம் கொடுக்கிறார். கணவர் மனைவிக்கு வைக்கிறார். அதே வழியில் வெப்பமானி திரும்பி வருகிறது. மருத்துவர் விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்து நிமோனியா என்று சொல்லிவிட்டுப் போகிறார். பிறகு வரவே மறுத்துவிடுகிறார். அந்தப் பெண் இறந்துபோகிறார்.

அது அந்தக் காலம் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். 2006இல் நூலாக வெளிவந்த, 11 மாநிலங்களின் 565 கிராமங்களில் நடந்த தீண்டாமை ஆய்வு, மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் பொது சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் வர மறுப்பதைப் பதிவு செய்தது. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளிடம் பேராசிரியர் சங்கமித்ரா ஆச்சார்யா நடத்திய ஆய்வும், மருந்து கொடுக்கும்போதும் பரிசோதனைக்காகத் தொடும்போதும் பாகுபாடு நடப்பதைக் காட்டியது.

என் பெரியம்மாவைப் பார்த்த அந்த இரண்டு மருத்துவர்களும் சாதி பார்த்துத்தான் தொடவில்லை என்று என்னால் நிரூபிக்க முடியாது. அவர்களுக்கு அன்று நூறு நோயாளிகள் இருந்திருக்கலாம். பெண் நோயாளியைத் தனியாகப் பார்க்க ஒரு திரைகூட அங்கே இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் இதே மருத்துவர்கள் எங்கே, யாரை, எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று காலனியில் எல்லோருக்கும் தெரியும். காசுள்ளவரைக் கட்டிலில் படுக்கவைத்துப் பார்ப்பதும், கூலிக்காரியை ஸ்டூலில் உட்காரவைத்து ஊசி போட்டு அனுப்புவதும் பழக்கமாகிவிட்டது. பழக்கம் என்று சொல்லிவிட்டால் அதற்குச் சாதி இல்லாமல் போய்விடுமா?

பூச்சிக்குச் சாதி தெரியுமா?

இந்தக் கேள்வியை ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் சுமார் 32,000 பேரை 2020 முதல் 2022 வரை தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2025இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. ஆண்டுக்குப் பத்தில் ஒருவர்வரை இந்தக் கிருமியின் தொற்றுக்கு ஆளாகிறார்கள் என்றது அது. தொற்றியவர்களில் பெரும்பாலோருக்குக் காய்ச்சலே வருவதில்லை. வந்தவர்களில் சிலர் மிக மோசமாகப் பாதிக்கப்படுகிறார்கள். பத்தில் ஒருவர் என்றால் அது ஒரு சாதியின் நோயாக இருக்க முடியாது. ஊர்த்தெருவிலும் வருகிறது. சென்னைப் புறநகரின் காலி மனைகளிலும் வருகிறது.

பூச்சிக்குச் சாதி தெரியாது. ஆனால் யார் வரப்பில் குனிந்து நிற்க வேண்டும் என்று தீர்மானித்த ஊருக்குத் தெரியும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வேளாண்மையில் இருக்கும் பட்டியல் சாதியினரில் 100க்கு 71 பேர் சொந்த நிலம் வைத்து உழுபவர்கள் அல்லர், கூலிகள். காலனி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஊர் முடிந்த பிறகு, ஏரிக்கரையை ஒட்டியோ சுடுகாட்டை ஒட்டியோ, சீமைக்கருவேலம் மண்டிய இடத்துக்கும் வயலுக்கும் நடுவில். புதரும் வயலும் சந்திக்கும் விளிம்புதான் இந்தப் பூச்சிக்குப் பிடித்த இடம். அந்த விளிம்பில்தான் நமக்கு வீட்டுமனை ஒதுக்கினார்கள்.

இது தமிழ்நாட்டின் கதை மட்டுமல்ல. உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் பகுதியில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் நூற்றுக்கணக்கான குழந்தைகள் மூளைக்காய்ச்சலில் இறந்தார்கள். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே நெடுங்காலம் பேசப்பட்டது. தடுப்பூசி வந்த பிறகும் சாவு நிற்கவில்லை. சென்னையில் இருக்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் அங்குள்ள மருத்துவர்களோடு சேர்ந்து ஆராய்ந்தபோது, அந்தக் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் ஸ்க்ரப் டைபஸ் தொற்றுக்கான அடையாளம் இருந்தது. யாருக்கு அதிகம் வருகிறது என்றும் தேடினார்கள். வயலில் விளையாடும் குழந்தைகள், விறகை வீட்டுக்குள் அடுக்கும் வீடுகள், மாட்டுத் தீவனத்தைக் கையாள்பவர்கள், கழிப்பறை இல்லாமல் வெளியே போகிறவர்கள். அந்தப் பட்டியலில் சாதி என்ற சொல் இல்லை. ஆனால் கேஸ் அடுப்பும் கழிப்பறையும் மதில் வைத்த வீடும் இந்த நாட்டில் யாருக்குக் கடைசியாக வந்து சேர்கின்றன என்று நமக்குத் தெரியாதா?

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். இப்படிப் பேசினால் உடனே 'சுத்தமில்லாத ஜனங்க' என்று ஆரம்பிப்பார்கள். இது அழுக்கில் வரும் நோயல்ல. பேன் போல மனித உடலில் குடியிருக்கும் பூச்சியும் அல்ல. ஒரு மனிதரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. இருளர் மக்கள் வயல் எலி பிடிப்பதைக் காட்டி அவர்களால் பரவுகிறது என்று யாராவது சொன்னால், அது அறியாமை. விவசாயிகளின் நெல்லைக் காப்பாற்றிக் கொடுத்த உழைப்பு அது. அந்த உழைப்பில் அவர்கள் ஆபத்தைச் சுமக்கிறார்கள், பரப்பவில்லை.

யாருக்கு வந்தால் நோய்?

இரண்டாம் உலகப் போரில் பர்மா, அசாம் முனைகளில் ஆயிரக்கணக்கான படைவீரர்கள் இந்தக் காய்ச்சலில் விழுந்தார்கள். அப்போது அரசுகளுக்கு அவசரம் வந்தது. ஆய்வகங்கள் திறந்தன. போர் முடிந்து 1948இல் கோலாலம்பூரில் குளோராம்ஃபெனிகால் இந்தக் காய்ச்சலைக் குணப்படுத்தும் என்று அமெரிக்க மருத்துவர்கள் காட்டினார்கள். ஆக, இதற்கு மருந்து கண்டுபிடித்து முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்றுவரை தடுப்பூசி இல்லை. உலக சுகாதார நிறுவனம் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஆசியா முழுவதும் ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் பேரைத் தாக்குவதாக மதிப்பிடப்படும் இந்த நோய்க்கு அந்தப் பட்டியலிலும் இடமில்லை. படைவீரருக்கு வந்தபோது அது நோய். கூலிக்காரருக்கு வரும்போது அது மர்மக் காய்ச்சல்.

தமிழ்நாட்டை உத்தரப் பிரதேசத்தோடு ஒப்பிட்டு நாம் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. நம்மிடம் நல்ல அரசு மருத்துவக் கட்டமைப்பு இருக்கிறது. அதைப் போராடிப் பெற்றோம். என் பெரியம்மாவைக் காப்பாற்றியதும் அதுதான். பொது சுகாதாரத் துறை இந்தக் காய்ச்சல் பற்றி எச்சரிக்கைச் சுற்றறிக்கைகளும் அனுப்புகிறது. அந்தச் சுற்றறிக்கை காலனி வாசல்வரை வந்து சேர வேண்டும் என்பதுதான் கோரிக்கை. சிலவற்றைத் தெளிவாகக் கேட்கலாம்.

புரட்டாசி தொடங்கி மாசி வரை, ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சலோடு வரும் ஒவ்வொருவரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தலை முதல் கால் வரை பார்க்க வேண்டும். அதற்கு ஒரு திரையும், பெண்களைப் பார்க்க ஒரு பெண் பணியாளரும் போதும். என்ன வேலை செய்கிறீர்கள், வீடு எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். சந்தேகம் வந்தால் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் மருத்துவர் டாக்சிசைக்ளினைத் தொடங்க வேண்டும். எல்லா நிலையங்களிலும் அந்த மாத்திரை இருப்பில் இருக்க வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கு வருபவர்கள் காய்ச்சலையும் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

நூறு நாள் வேலையில் ஏரிக்கரைப் புதரை வெட்டுவது யார்? பெரும்பாலும் நம் பெண்கள். அவர்களுக்குக் கையுறையும் காலுறையும் முழுக்கைச் சட்டையும் கொடுப்பது ஊராட்சியின் கடமையாக வேண்டும். காலனியைச் சுற்றியுள்ள புதரை அகற்றுவது, கழிப்பறைக்குத் தண்ணீர் கொடுப்பது எல்லாம் இந்த நோய்க்கான மருத்துவம்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கணக்கு வேண்டும். நான் பார்த்த அறிக்கைகளில் மாவட்டம் இருக்கிறது, வயது இருக்கிறது. இறந்தவர் என்ன வேலை செய்தார், ஊரில் இருந்தாரா காலனியில் இருந்தாரா, எத்தனை நாள் எத்தனை இடம் அலைந்த பிறகு சரியான மருந்து கிடைத்தது என்பது இல்லை. தலித்துகள் இதில் அதிகம் சாகிறார்கள் என்று நான் இங்கே எண்ணைச் சொல்லவில்லை. எண்ணாமலே விட்டுவிட்டு, பாகுபாடு இல்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை என்கிறேன்.

இதைப் படிக்கும் உங்களில் மருத்துவம், செவிலியம் படிக்கும் தோழர்கள் இருப்பீர்கள். இட ஒதுக்கீட்டில் நாம் அந்த வகுப்பறைக்குள் போனதற்கு ஒரு காரணம், நம் மக்களின் உடலைக் கூசாமல் தொடும் கைகள் மருத்துவமனையில் இருக்க வேண்டும் என்பது. அந்தச் செவிலியர் என்ன சாதி என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. அவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தார். ஒரு வேலை ஒழுங்காக நடந்ததற்கு நாம் இவ்வளவு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரியம்மா பிழைத்தார். அந்தப் பத்து நாளில் தோட்டை அடகு வைத்தது இன்னும் மீட்கப்படவில்லை. சில ரூபாய் மாத்திரையில் முடிந்திருக்க வேண்டியது. மாசி மாதமே வேலைக்குப் போய்விட்டார். போன வாரம் பேசும்போது சொன்னார், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நான்கு நாளாகக் காய்ச்சலாம். "உள்ள கூட்டிம்போயி பொடவைய அவுத்துப் பாத்துட்டேன். இடுப்புல இருந்துச்சு. கையோட ஜி.எச்.சுக்கு இட்டுக்கினு போயி, இதப் பாருங்கன்னு காட்டுனேன்."

படிக்காத என் பெரியம்மா செய்ததைத்தான் இந்த அரசும் மருத்துவமும் செய்ய வேண்டும் என்று கேட்கிறோம். தொட்டுப் பாருங்கள்.